ஒப்பிடத்தக்க இரு பொருள்களுள் ஒன்றைத் தேர்தல்: ‘சிறியது’, ‘பெரியது’ என்னும் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நிரல்மொழிகளில் தரப்பட்ட இரண்டில் சிறியதைத் தரும் மின் (min), பெரியதைத் தரும் மேக்ஸ் (max) என்னும் செயற்கூறுகளுக்குத் (functions) தமிழ்ப் பெயர்களாகக் ‘குறைந்தபட்சம் – அதிகபட்சம்’, ‘சிறுமம் – பெருமம்’ என்னும் இரு இணைகள் நம்முன் உள்ளன. இரண்டுமே பழகிய சொற்கள்தாம். ஆயினும் இவ்விடத்துக்கு அவை பொருந்தவில்லை என்பதே என் கருத்து. ‘சிறியது – பெரியது’ என்னும் எளிய சொற்களையே நாம் ஏற்க வேண்டும் என முன்மொழிகிறேன்.

‘அதிகபட்சம்’ என்பது நம் வழக்கில் ஒரு வரம்பைக் குறிக்கும். ‘அதிகபட்சம் 100 மதிப்பெண்’ என்றால் நூறுக்கு மேல் போகாது என்றே எவரும் கொள்வர். ஆனால் நிரலில் ஒரு மதிப்பெண் நூறைத் தாண்டாமல் இருக்க நாம் அழைக்க வேண்டியது மேக்ஸ் அன்று, மின். அதிகபட்சம்(மதிப்பெண், 100) என்று ஒரு மாணவர் எழுதினால், 63 வாங்கியவருக்கும் 100 கிடைத்துவிடும். சொல் உணர்த்துவது ஒன்று, செயற்கூறு செய்வது அதற்கு நேர்மாறு. சிறியது(மதிப்பெண், 100) என்று எழுதும்போது இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. இரண்டில் எது சிறியதோ அது கிடைக்கும்.

‘பெருமம்’, ‘சிறுமம்’ ஆகியவை தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நுண்கணிதத்தோடு ஒட்டிய சொற்கள். ஒரு சார்பு எட்டும் உச்ச, நீச மதிப்புகளை அவை சுட்டுகின்றன. இலங்கையில் அவ்விடத்தில் ‘உயர்வு’, ‘இழிவு’ என்பர். நாம் பெயரிட முயலும் செயற்கூறு எதையும் கணக்கிடுவதில்லை. தன்னிடம் தரப்பட்ட இரு பொருள்களுள் ஒன்றை, அது தேதியாயினும் எழுத்துச் சரமாயினும் மென்பொருளின் பதிப்பு எண்ணாயினும், அப்படியே எடுத்துத் திருப்பித் தருகிறது. எனவே அளவைக் குறிக்கும் பெயரைவிடப் பொருளைக் குறிக்கும் பெயரே இங்கு தகும். இலங்கைப் பாடநூல்களின் ‘பொது மடங்குகளுள் சிறியது’ என்னும் வழக்கு இதற்கு நல்ல முன்மாதிரி. மேலும், தமிழில் ‘இரண்டில் பெரியது’ என்றாலும் ‘எல்லாவற்றிலும் பெரியது’ என்றாலும் சொல் மாறுவதில்லை. ஆகையால் பைத்தான் போல எத்தனை உறுப்புகளையும் ஏற்கும் மொழிகளுக்கும் இதே பெயர் செல்லும்.

தேதியைச் ‘சிறியது’ என்பது செயற்கையாக இருக்கிறது, ‘முன்னது – பின்னது’ எனலாமே என்று கேட்கலாம். அந்த இணையை வேறொரு தேவைக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒப்பீட்டில் இரண்டும் நிகராக இருந்தால் எதைத் தருவது என்னும் கேள்வி இந்தச் செயற்கூறுகளின் உயிர்நாடி. ஜாவாவில் பதின்ம எண்களுக்கான பிக்டெசிமல் (BigDecimal) வகையில் 2.0, 2.00 ஆகிய இரண்டையும், வரிசையை ஒப்பிடும் கம்பேர்-டூ (compareTo) நிகர் என்கிறது. சமமா என்று பார்க்கும் ஈக்குவல்ஸ் (equals) சமமல்ல என்கிறது. 2.0 என்னும் பொருளின் மின்னையோ மேக்ஸையோ 2.00 தந்து அழைத்தால், இரண்டு முறையும் 2.0 தான் திரும்பி வரும், 2.00 எங்கும் வராது. சி++ நூலகத்தின் மின், மேக்ஸ் இரண்டும் இவ்வாறே முதல் உறுப்பைத் தருகின்றன. அந்நூலகத்தின் வார்ப்புருப் (template) பகுதியை வடிவமைத்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவ், நிகர்நிலையில் மேக்ஸ் இரண்டாவதைத் தந்திருக்க வேண்டும் என்று பின்னர் எழுதினார். ரஸ்ட், ஹாஸ்கெல் மொழிகள் அப்படித்தான் செய்கின்றன. அம்முறையில் மின் ஒன்றையும் மேக்ஸ் மற்றொன்றையும் தருவதால், எந்தப் பொருளும் தொலைவதில்லை. இரண்டே உறுப்புகளை வரிசைப்படுத்தும்போதும் நிகரானவற்றின் பழைய ஒழுங்கு கெடுவதில்லை.

இந்த விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘இரண்டும் நிகராயின், சிறியது முன்னதையும் பெரியது பின்னதையும் தரும்.’ உறுப்புகளின் இடத்தைக் குறிக்க ‘முன்னது – பின்னது’, வரிசையில் அவற்றின் நிலையைக் குறிக்க ‘சிறியது – பெரியது’ எனப் பிரித்துக்கொண்டதால்தான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறது. அதே காரணத்துக்காக, ‘சமம்’ என்பதிலிருந்து ‘நிகர்’ என்பதையும் பிரித்து, ஒப்பீட்டில் வேறுபடாதவற்றுக்கு மட்டும் ‘நிகர்’ என்று ஆள்வோம்.

‘ஒப்பிடத்தக்க’ என்னும் அடைமொழியையும் வரையறுத்தாக வேண்டும். மிதவைப் புள்ளி (floating point) எண்களில் ‘எண்ணல்லாதது’ (NaN) என்றொரு மதிப்பு உண்டு. அது எதனினும் சிறியதும் அன்று, பெரியதும் அன்று, தனக்கே சமமும் அன்று. அதனால் ரஸ்டின் பொதுவான மேக்ஸ், மிதவை எண்களை ஏற்பதே இல்லை. ஜாவாவின் மேத்.மேக்ஸ், உறுப்புகளில் ஒன்று எண்ணல்லாததாயின் அதையே திருப்புகிறது. சி மொழியின் எஃப்மேக்ஸ் அதைத் தள்ளிவிட்டு மற்ற எண்ணைத் தருகிறது. ஆகவே, எந்த இரு பொருளை எடுத்தாலும் ஒன்று சிறியது, பெரியது அல்லது நிகர் என்று சொல்ல இயலும் வகைகளுக்கு மட்டுமே இச்சொற்கள் உரியவை என்று பதிவில் குறிப்போம். மிதவை எண்களுக்கான செயற்கூறுகளைத் தனி இழையில் பேசலாம்.