நாவலை மின்னூலாக்கும்போது பத்தி ஓரங்கள்: சில அனுபவங்கள்

நண்பர் ஒருவர் தம்முடைய நாவலை மின்னூலாக்கித் தரும்படி கேட்டு, அச்சுக்கென்று வடிவமைத்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பியிருந்தார். தட்டச்சு செய்தவர் எல்லாப் பத்திகளுக்கும் இடமும் வலமும் அரை அங்குலம் விட்டிருந்தார்; தாளில் அது கண்ணுக்கு இதமாகவே இருந்தது. காலிபர் என்னும் மின்னூல் மென்பொருளில் ஈபப் என்ற மின்னூல் வடிவுக்கு மாற்றிக் கைப்பேசியில் திறந்தால், வரிக்கு மூன்று சொற்கள்கூடத் தேறவில்லை. அந்த அரை அங்குலம் 36 பாயிண்டாக, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம். திரைக் கணக்கில் அது 48 பிக்சல்; 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் இருபுறமும் சேர்ந்து 96 பிக்சல், அதாவது கால்வாசிக்கும் மேல், வெற்றிடமாகிறது. படிக்கும் செயலி தானாக விடும் ஓரம் இதற்கு மேல். போதாக்குறைக்கு, 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், இருபுறமும் சீராக்கப்பட்ட முந்தைய வரி பல் விழுந்த வாய்போல் இளிக்கிறது.

ஈபப் என்பது அடிப்படையில் இணையப் பக்கம் போன்ற எக்ஸ்எச்டிஎம்எல் பக்கங்களும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பும் அடங்கிய ஜிப் பொதிதான் என்பதால், ஈபப் கோப்பைத் திருத்தும் சிஜில் மென்பொருளில் திறந்து ஓரிடத்தில் திருத்தினால் எல்லா அத்தியாயங்களும் சரியாகிவிடும். சாதாரணப் பத்திக்கு நான்கு பக்க மார்ஜினையும் (ஓர இடைவெளியையும்) பூச்சியமாக்கி, முதல் வரி உள்தள்ளலை மட்டும் 1.5 எம் (ஓர் எம் என்பது அப்போதைய எழுத்தின் அளவு) என்று வைத்தேன். அத்தியாயத்தின் முதல் பத்திக்கு உள்தள்ளல் கிடையாது. நாவலுக்குள் வரும் கடிதங்களுக்கு மட்டும் இருபுறமும் 5 சதவீத ஓரம் கொடுத்தேன். உள்தள்ளலை எம் அளவில் வைத்தால் எழுத்தின் பருமனோடு அதுவும் வளரும், அது நல்லதே. இடவல ஓரத்தையும் எம் அளவில் வைத்தால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் ஓரமும் வளர்ந்து வரியை நெருக்கும்.

*

மேலே எழுதிய ஐயா சொன்னதோடு காட்சி மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு வந்த கோப்பில் பத்திக்குப் பத்தி இரண்டு முறை எண்டர் தட்டியிருந்தார்கள். வெற்றுப் பத்திகளையெல்லாம் ஒரே வீச்சில் நீக்கியதும் இடைவெளிகள் ஒழிந்தன. ஆனால் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்த பாட்டி அடுத்த வரியிலேயே பாவாடை கட்டிய சிறுமியாகிவிட்டார். நினைவோட்டத்துக்கு முன்னே ஆசிரியர் விட்டிருந்த வெற்று வரியும் சேர்ந்து போயிருந்தது! ஆகவே முதலில் மூலக்கோப்பில் காட்சி மாறும் இடங்களில் உடுக்குறி (*) இட்டுக்கொண்டு, பிறகே வெற்றுப் பத்திகளில் கைவைக்க வேண்டும். மேல் மார்ஜினை மட்டும் கூட்டினால் போதாதா என்பார்கள். அந்தப் பத்தி திரையின் உச்சியில் விழும்போது இடைவெளி இருப்பதே தெரியாது. உடுக்குறி எங்கே விழுந்தாலும் தெரியும்.

*

சிஎஸ்எஸ் பக்கம் போகத் தயங்குபவர்களுக்கு, காலிபரிலேயே தோற்ற அமைப்புகளில் பத்திகளுக்கிடையேயான இடைவெளியை நீக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் முதல் வரி உள்தள்ளலையும் அதுவே சேர்த்துவிடும். உரையாடல் மிகுந்த நாவலுக்கு இதைக் கட்டாயம் பரிந்துரைப்பேன், ஏனெனில் "ம்" என்ற பதிலும் தனிப் பத்தியாக வரும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டால் உரைநடை புதுக்கவிதையாகத் தோன்றத் தொடங்கும். இடைவெளி, உள்தள்ளல் இரண்டும் வேண்டும் என்பவர்களும் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்பதே என் கட்சி. முடித்ததும், மின்னூல் எப்படித் தெரியும் என்று கணினியில் காட்டும் கிண்டில் ப்ரிவ்யூவரில் எழுத்தை மிகப் பெரிதாக்கி, கடிதங்களும் பாடல் வரிகளும் வரும் பக்கங்களைத் தவறாமல் பார்க்கிறேன். வழக்கமாகச் சிக்கல் அங்கேதான் எழுகிறது. எழுத்தாளர் ஒருவர் மட்டும் அச்சுப் புத்தகத்தின் அகன்ற ஓரம் மின்னூலிலும் வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பைத் தொடாமல், அவருடைய கிண்டிலில் ஓர அமைப்பை அகலமாக்கிக் கையில் கொடுத்தேன், திருப்தியாகிவிட்டார்.