சிட்னியா, மெல்பர்னா? இரண்டு ஊரிலும் குப்பை கொட்டியவன் அனுபவம்

போன வாரம் மதுரையிலிருந்து சித்தி பையன் கூப்பிட்டான். ஆஸ்திரேலியாவின் 189 விசா (திறமையை வைத்துத் தரும் நிரந்தர விசா) வந்துவிட்டது, எந்த மாநிலத்தில் வேண்டுமானாலும் இறங்கலாம். "அண்ணே, சிட்னியா மெல்பர்னா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் கான்பெரா என்று ஒரு ஊரே வந்திருக்காது. 1901இல் காலனிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது தலைநகரம் யாருக்கு என்று இந்த இரண்டுக்கும் மல்லுக்கட்டு. தலைநகரம் நியூ சவுத் வேல்ஸில் இருக்கட்டும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளி இருக்க வேண்டும், அதுவரை நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடட்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1927 வரை மெல்பர்னில்தான் கூடியது. பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து வைத்த கதைதான்.

நான் 2014 ஜூலையில் சிட்னியில் இறங்கினேன். முதல் மூன்று வாரம் வீடு தேடியே போனது. வாடகை வாரக் கணக்கு, முன்பணம் நாலு வார வாடகை, இதெல்லாம் தெரிந்துதான் வந்தேன். தெரியாதது சனிக்கிழமை வரிசை. வெஸ்ட்மெட்டில் ஒரு இரண்டு படுக்கையறை வீட்டைக் கால் மணி நேரம் திறந்து காட்டினார்கள். மாடிப்படியில் முப்பது பேர் நின்றோம். கையில் கோப்போடு ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். "இதற்கு முன் இந்த நாட்டில் எங்கே வாடகைக்கு இருந்தீர்கள்?" என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றுமே இல்லை. ஒன்பது விண்ணப்பம் போட்டேன். ஏழுக்குப் பதிலே வரவில்லை.

கடைசியில் வென்ட்வொர்த்வில்லில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கிரானி ஃப்ளாட்டைக் கொடுத்தார். மளிகைக் கடையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் போனேன். வாசலில் நின்றபடியே "தம்பி, சாப்பிட்டியளோ?" என்றார். விண்ணப்பம், சம்பளச் சீட்டு எதையும் கேட்கவில்லை. என் மகள் பிறந்ததும் அந்த வீட்டில் இருந்தபோதுதான்.

சிட்னி என்றால் கடற்கரை என்று ஊரில் நினைக்கிறார்கள். ஐந்தரை வருடத்தில் பான்டை கடற்கரைக்கு மூன்று முறை போனேன். அதில் இரண்டு முறை ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்காக. மேற்கு சிட்னியில் இருப்பவனுக்குக் கடல்காற்று எட்டாது. சாமான்களைப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த 2020 ஜனவரி 4 அன்று, எங்களுக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. வேலூர் வெயிலில் வளர்ந்த என் மனைவியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெல்பர்னுக்கு வந்தது அவளுடைய வேலைக்காக. இங்கே முதல் அடி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. மகள் ஜூன் மாதம் பிறந்தவள். சிட்னியில் ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்தால் அந்த வருடமே பள்ளியில் சேரலாம். இடம் கிடைத்து, சீருடை வாங்கி, தொப்பியில் பெயரும் எழுதியாகிவிட்டது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அந்தக் கெடு ஏப்ரல் 30. பள்ளிக்குப் போன் பண்ணி "கின்டர்கார்ட்டனில் சேர்க்க வேண்டும்" என்றேன். "கின்டருக்கு கவுன்சிலைக் கேளுங்கள்" என்றார்கள். கவுன்சிலில் "பள்ளிக்குப் போகிற பிள்ளையா, கின்டர் பிள்ளையா?" என்றார்கள். அரை மணி நேரம் சுற்றிய பிறகுதான் புரிந்தது. சிட்னியில் பள்ளியின் முதல் வகுப்புக்குப் பெயர் கின்டர்கார்ட்டன். இங்கே அதன் பெயர் ப்ரெப், கின்டர் என்றால் அதற்கும் முந்தைய பாலர் வகுப்பு. ஒரே நாடு என்று பெயர்! தொப்பி ஒரு வருடம் அலமாரியில் கிடந்தது.

டிராம் ஓடும் தெருவில் வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் சில சந்திப்புகளில் இடது ஓரத்தில் போய் நிற்க வேண்டும். குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழுந்ததும் அங்கிருந்து வலது பக்கம் வெட்ட வேண்டும். முதல் நாள் நான் நடுவில் நின்று டிராம் மணியடி வாங்கினேன்.

குளிர் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். நான் அதிகம் நடுங்கியது சிட்னியில்தான். அங்கே நான் இருந்த வீடுகளில் ஹீட்டரே கிடையாது. ஜூலை இரவில் போர்வையோடு சமையலறைக்குப் போவோம். இங்கே தரையிலிருக்கும் துளைகள் வழியாகச் சூடான காற்று வருகிறது, மகள் அதன் மேலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவாள். வெளியே வேண்டுமானால் ஒரே நாளில் நாலு பருவம்.

குறையும் சொல்ல வேண்டும். மெல்பர்னின் மேற்குப் புறநகரான டார்னீட்டில் வீடு வாங்கினோம், அதே பணத்துக்கு சிட்னியில் கார் நிறுத்தும் இடம்தான் கிடைத்திருக்கும். ஆனால் டார்னீட்டுக்கு வருவது வெளியூர் போகிற ரயில். காலையில் ஏறினால் நின்றுகொண்டே போகலாம். வென்ட்வொர்த்வில்லில் இருந்தபோது மேஸ் ஹில் முருகன் கோயில் கூப்பிடு தூரம். இங்கே சன்ஷைன் நார்த் முருகன் பக்கம்தான், கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலோ ஊரின் மறுகோடியில். பிரதோஷத்துக்குப் போவதென்றால் அரை நாள்.

இரண்டு ஊர்க்காரர்களும் உங்கள் கதையைப் போடுங்கள். தம்பிக்கு அப்படியே அனுப்புகிறேன்.

டண்டினோங்வாசி எழுதியது:

நாங்கள் 1989இல வந்தனாங்கள். தமையன் மெல்பேணில இருந்தவர், அதால மெல்பேண். எங்கட ஆராய்ச்சி அவ்வளவுதான். மனிசியின்ர ஆக்கள் எல்லாம் சிட்னியில. கலியாணம், செத்தவீடு எண்டால் ஹியூம் ஹைவேயால ஒன்பது மணித்தியாலம் கார் ஓடிப் போறம். வந்த புதுசில இங்க தொழிற்சாலை வேலை சுகமாக் கிடைச்சது, ஆங்கிலம் பெரிசாத் தேவைப்படேல்ல. இப்ப வாற பிள்ளையளுக்கு அது பொருந்தாது. ஆனா ஒண்டு, தெரிஞ்ச ஆள் இருக்கிற இடத்துக்குப் போறது நல்லது. முதல் மாசம் வருத்தம் வந்தா ஆர் கஞ்சி வைச்சுத் தாறது?

கிர்ராவீன்காரன் எழுதியது:

எனக்குத் தேர்வு செய்யவே வாய்ப்பில்லை. நியூ சவுத் வேல்ஸ் பரிந்துரைத்த 190 விசா. அதில் விசாத் தகுதிக் கணக்கில் கிடைக்கும் கூடுதல் 5 புள்ளி இல்லாமல் எனக்கு அழைப்பே வந்திருக்காது. இரண்டு வருடம் இங்கே இருப்பேன் என்று ஒப்புக்கொண்டு வந்தேன், பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வாடகை வீடுதான். மகன் நாலாம் வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓசி தேர்வு, செலக்டிவ் தேர்வு (கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான அரசு வகுப்பு, அரசுப் பள்ளி நுழைவுத் தேர்வுகள்) என்று ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன். அவனையும் அனுப்புகிறேன், மனசில்லாமல். வங்கித் துறை வேலை என்றால் சிட்னிதான், அதில் சந்தேகமே வேண்டாம். மெல்பர்ன் எங்களை மக்கள்தொகையில் முந்திவிட்டதாக 2023இல் குதித்தார்கள். ஊருக்கு வெளியே கிடக்கும் மெல்டனையும் சேர்த்து எண்ணினால் முந்தத்தான் செய்யும்!

நாகர்கோவில் நர்ஸ் எழுதியது:

தம்பிக்குக் குழந்தை இருக்கிறதா? ஆஸ்துமா, சளித் தும்மல் ஏதாவது உண்டா? யாரும் சொல்லாததால் சொல்கிறேன். 2016 நவம்பர் 21 மாலை மெல்பர்னில் இடிமழை. புல் மகரந்தம் மழைக்காற்றில் நொறுங்கி, ஊர் முழுக்க மூச்சுத்திணறல். நான் அன்று அவசரப் பிரிவில் பணியில் இருந்தேன். நாற்காலி தீர்ந்து, ஆட்கள் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை ஆஸ்துமாவே வராதவர்களும் அதில் இருந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பயந்து ஊரை விட வேண்டாம், நானும் இங்கேதான் இருக்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கைப்பையில் பஃபர் (மூச்சிழுக்கும் இன்ஹேலர்) இருக்கட்டும்.

முதலில் எழுதியவன் மறுபடியும்:

எல்லாவற்றையும் தம்பிக்கு அனுப்பினேன். படித்தானா என்று தெரியவில்லை. கிளேட்டனில் அவனுடைய கல்லூரி நண்பன் ஒருவன் ஹாலில் ஒரு மாதம் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். நேற்று ராத்திரி மெல்பர்னுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். டண்டினோங் ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. சிட்னியாக இருந்தால் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏறி வந்துவிடுவான். இங்கே துல்லமரைன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு நான்தான் போய் நிற்க வேண்டும்.