‘சிக்னல் பாக்ஸ்’ கட்டடத்துக்குத் தமிழில் என்ன?

மல்லேஸ்வரம்:
அன்பர்களே, கட்டடக்கலைக் கண்காட்சியின் தமிழ் விளக்கப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொருள், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹெர்ட்சோக், டி மெரோன் என்ற கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்து 1994-இல் முடிந்த ரயில் சிக்னல் பாக்ஸ், அதாவது சிக்னல்களை இயக்கும் கட்டடம். கான்கிரீட் கூட்டைச் சுற்றிலும் சுமார் 20 செ.மீ. அகலச் செப்புப் பட்டைகள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் பட்டையை முறுக்கி விட்டிருக்கிறார்கள். ‘சமிக்ஞைப் பெட்டி’ என்றால் தபால்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆறு மாடிக் கட்டடம் ஐயா!

அல்சூர்:
கைகாட்டி மாடம். கைகாட்டி ரயிலடியில் வழங்கிய சொல். மாடமோ சங்கப் பாடல்களிலேயே உண்டு. மடித்து அடுக்கியது என்பதால் மடி > மாடம். செப்புப் பட்டையும் மடிகிறதே!

யஷ்வந்த்பூர்:
>மடி > மாடம்
விட்டால் பசுமாட்டிலிருந்தும் வேர் எடுப்பீர்கள். லீவர் இழுத்த காலத்துக் கேபினுக்கு மாடம் சரி. மேலே சுற்றிலும் கண்ணாடி, எட்டிப் பார்த்தால் தண்டவாளம். பாசலில் ஆள் பார்ப்பதைவிடக் கருவி பழுதாகாமல் இருப்பதுதான் முக்கியம். தடச்சுற்றில், அதாவது தண்டவாளம் வழியே மின்சாரம் ஓடும் சுற்றில், வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் போகாது, அது விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும் சிவப்புதான். இந்தக் கணக்கைப் பார்க்கும் மின்னணுக் கருவிகளை வெளி மின்காந்தத் தாக்கம் தொடாதபடி செப்பு உறை ஃபாரடே கூண்டாக நிற்கிறது. ஆகவே சைகைக்கூடம். இங்கிலாந்தில் பர்மிங்காமின் வரிவரியான 1966 கான்கிரீட் சிக்னல் கட்டடத்துக்கும் இதே சொல் ஆகும்.

ஜாலஹள்ளி:
சைகை என்றால் ஊமைச் சாடை. ரயில்வேக்காரர் நாவில் இருப்பது ‘சிக்னல் கேபின்’. அதையே போடுங்கள், தூய்மைவாதம் பலகைக்கு வேண்டாம்.

மல்லேஸ்வரம்:
பெங்களூரில் ‘சிக்னல்’ என்றால் ஆட்டோக்காரர் சாலைச் சந்திப்பில் இறக்கிவிடுவார். கேபின் என்றால் மேலாளர் அறை.

அல்சூர்:
கை என்ற உறுப்பு சைகையிலும் ஒளிந்திருக்கிறது. அதை ஒரு தனி மடலில்...

மல்லேஸ்வரம்:
ஐயா, வேண்டாம். ஒருவர் மாடம் என்கிறார், ஒருவர் சைகைக்கூடம், ஒருவர் கேபின். தலைப்பில் சைகைக்கூடம், முதல் வரியில் ஒருமுறை ‘சிக்னல் கேபின்’ என்ற விளக்கம். அனுப்பிவிடுகிறேன்.

அல்சூர்:
ஒற்று மிகும், கவனம். ‘சைகை கூடம்’ என்று அச்சாகப் போகிறது பாருங்கள். கைகாட்டி மாடத்தில் இந்தத் தொல்லையே இல்லை.