பிரான்மலைக்குத் தீ அபாய வரைபடம், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். சிங்கம்புணரி பக்கத்துப் பிரான்மலைக்குக் காட்டுத்தீ அபாய வரைபடம் ஒன்றை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சரிவு, அது பார்க்கும் திசை, புல்லும் புதரும் அடர்ந்த இடம், பாதையிலிருந்து தூரம் எல்லாம் தயார்.

சிக்கல், முன்பு எரிந்த இடங்கள் எவை என்பதில்தான். செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்தில், விஐஐஆர்எஸ் என்ற கருவியின் புள்ளி ஒன்று 375 மீட்டர் கட்டம், மோடிஸ் என்ற கருவியினுடையது 1 கிலோமீட்டர். இவ்வளவு சின்ன மலையில் ஒரு புள்ளி விழுந்தால் எரிந்தது சரிவா, அடிவாரத்து வயலில் யாரோ அறுவடைத் தாளைக் கொளுத்தியதா என்றே பிரிக்க முடியவில்லை, செயற்கைக்கோள் கடப்பதற்குள் அணைந்துவிட்ட தீயோ கணக்கிலேயே வராது.

சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கத்துக்காரர்களே, ஆடு மேய்ப்பவர்களைத் தெரிந்தவர்களே, கோடையில் எந்தப் பக்கம் எரியும், எந்த ஒற்றையடிப் பாதையில் ஏறி அணைப்பார்கள் என்று சொல்ல முடியுமா? கூகுள் மேப்பில் ஒரு பின் போட்டு அனுப்பினாலே போதும்.

அப்புறம் இன்னொன்று. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், 2018 குரங்கணிக் காட்டுத்தீயில்தான் பார்த்தோமே, அதனால் அபாயக் கணக்கில் சரிவுக்கே அதிக எடை கொடுத்திருக்கிறேன். பற்றவைப்பது பெரும்பாலும் மனிதன்தானே, ஆள் நடமாட்டத்துக்குத்தான் முதலிடம் என்கிறார் நண்பர். தேனி, நீலகிரிப் பக்கம் இந்த வேலை செய்தவர்கள் எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?