செட்ஜிட் போட்டாச்சு, ஆனாலும் அடுத்தவர் கோப்பில் எழுத முடியலை

குறுந்தாடி:
டெபியன் லினக்ஸ் சர்வர். இதழ் வேலைக்குப் பொது ஃபோல்டர் ஒன்று, 'இதழ்' என்று ஒரு குரூப், நாலு பேரையும் அதில் சேர்த்தாச்சு. ஃபோல்டருக்கு சிஎச்மாட் (அனுமதி மாற்றும் கட்டளை) 2775; முன்னால இருக்கிற 2 தான் செட்ஜிட், உள்ளே உருவாகும் கோப்புக்கு ஃபோல்டரோட குரூப்பையே தரும். புதுக் கோப்பு தொடங்கினால் குரூப் 'இதழ்' என்றுதான் வருது. ஆனா இன்னொருத்தர் திறந்து சேமிக்கப் போனால் 'பர்மிஷன் டினைட்'. ராத்திரி தோறும் 777 (யார் வேணும்னாலும் எழுதலாம்) போடுற கிரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடும் வேலை) வெச்சிடலாம்னு கூட இருக்கிறவர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பலை.

வேர்முடிச்சு:
777 பக்கமே போகாதீங்க. செட்ஜிட் கோப்பு எந்த குரூப்புக்குன்னு மட்டும்தான் தீர்மானிக்கும். அந்த குரூப் எழுதலாமா கூடாதாங்கிறது அமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிக்கணும்ங்கிற அமைப்பு) விஷயம். 022 இருந்தா புதுக் கோப்பு 644, குரூப் படிக்க மட்டும்தான் முடியும். 002 இருந்தா 664, குரூப் எழுதவும் முடியும். நாலு லாகினிலும் 'அமாஸ்க்' அடிச்சுப் பாருங்க.

குறுந்தாடி:
நாலிலும் 0022. ஆனா 002 ஆக்கினா அவங்கவங்க ஹோம் ஃபோல்டரிலும் அதுதானே வரும்? இன்னொண்ணு, சில கோப்புகளுக்கு குரூப்பே வேற மாதிரி இருக்கு.

வேர்முடிச்சு:
டெபியனில் ஆளுக்கொரு தனி குரூப், அதனால பெரிய ஆபத்தில்லை. ஆனாலும் நான் டிஃபால்ட் ஏசிஎல்தான் (ஃபோல்டரில் புதுசா வர்றதுக்கெல்லாம் தானா ஒட்டிக்கிற அனுமதிப் பட்டியல்) சொல்வேன். அது இருக்கிற ஃபோல்டரில் அமாஸ்க் எடுபடாது. அதை அமைக்கிற செட்எஃப்ஏசிஎல் கட்டளையை ரெண்டு தடவை ஓட்டணும்: இருக்கிற கோப்புகளுக்கு ஒரு தடவை, இனி வரப்போறதுக்கு மைனஸ் டி சேர்த்து ஒரு தடவை. ஆர்டபிள்யூஎக்ஸ்ல (படிக்க, எழுத, இயக்க) அந்த எக்ஸ் பெரிய எழுத்தா இருக்கட்டும். சின்ன எழுத்தா அடிச்சா கட்டுரை, படம் எல்லாத்துக்கும் எக்ஸிக்யூட் அனுமதி ஏறிடும்.

நள்ளிரவு_ஷெல்:
குரூப் மாறினதுக்குக் காரணம் எம்வி (கோப்பை நகர்த்தும் கட்டளை). ஒரே பார்ட்டிஷனுக்குள்ள எம்வி பண்ணினா கோப்பு பழைய குரூப்போடயே வந்து உட்காரும், செட்ஜிட் அதைத் தொடாது. சிபி (நகலெடுக்கும் கட்டளை) பண்ணினா புதுசா உருவாகும், ஃபோல்டரோட குரூப் ஒட்டிக்கும். மைனஸ் பி (பழைய குரூப், அனுமதியை அப்படியே வைக்கும்) சேர்க்காம இருக்கணும், அவ்வளவுதான்.

குறுந்தாடி:
ஏசிஎல் போட்டாச்சு, புதுக் கோப்பு எல்லாருக்கும் திறக்குது, எழுதவும் முடியுது. ஆனா சிபி பண்ணினதுல மட்டும் கெட்எஃப்ஏசிஎல் (ஏசிஎல்லைக் காட்டும் கட்டளை) 'எஃபெக்டிவ்: ஆர்' னு, அதாவது படிக்க மட்டும்னு காட்டுது.

வேர்முடிச்சு:
மூலக் கோப்பு 644 இல்லையா, சிபி அந்த 644-ஐக் கேட்டுத்தான் புதுசை உருவாக்கும். அதுல குரூப் பங்கு 4, அதாவது படிக்க மட்டும்; அதுவே ஏசிஎல் மாஸ்க் (குரூப்புக்குக் கிடைக்கும் அனுமதியோட உச்ச வரம்பு) ஆயிடும். காப்பி முடிஞ்சதும் சிஎச்மாட் ஜி பிளஸ் டபிள்யூ (குரூப்புக்கு எழுதும் அனுமதி) போடுங்க. ஏசிஎல் உள்ள கோப்பில் அது மாஸ்க்கைத்தான் திருத்தும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.