ஈசியில் கடன் முடிந்திருக்கிறது, செர்சாயில் அடமானம் அப்படியே இருக்கிறது: முன்பணம் கொடுக்கலாமா?

சூலூர்வாசி:

வணக்கம். கோவை மாவட்டம் சூலூர் பக்கம் ஒரு தனி வீடு பார்த்து விலையும் பேசிவிட்டோம். விற்பவர் கூட்டாளிகளோடு ஒரு நிறுவனம் நடத்துகிறார். வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் 1985 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பார்த்தேன். 2012-ல் அவர் வாங்கிய கிரயம், 2013-ல் வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்), 2019-ல் அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நானும் வீட்டுக் கடன் போட்டுத்தான் வாங்கப்போகிறேன். எங்கள் வங்கியின் வழக்கறிஞர் செர்சாயில் (கடன் கொடுப்பவர்கள் அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகம்) தேடிவிட்டு, "இந்தச் சொத்தின் மேல் ஓர் அடமானம் இன்னும் தீராமல் நிற்கிறது" என்கிறார். விற்பவரோ, "2019-லேயே கட்டி முடித்துவிட்டேன், பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த என்ஓசி கையில் இருக்கிறது. வங்கிக்காரர்கள் நீக்காமல் விட்டுவிட்டார்கள்" என்கிறார். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். அசல் பத்திரம் லாக்கரில் இருக்கிறதாம், நகல்தான் கொடுத்திருக்கிறார்.

ஈசியை நம்புவதா, செர்சாயை நம்புவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரக்கடை:

ரசீது பதிவாகியிருக்கிறது, என்ஓசியும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? கடன் முடிந்த பிறகும் செர்சாயில் பழைய பதிவு கிடப்பது ஊரெல்லாம் நடக்கிற விஷயம். விற்பவரை அந்த வங்கிக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். இதற்காக நல்ல வீட்டை விட்டுவிடாதீர்கள்.

கடன்கோப்பு:

பத்திரக்கடை அண்ணா சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை. நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இந்தப் பதிவுகளைப் போடுகிற, தேடுகிற வேலையில் இருக்கிறேன். முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில், வழக்கறிஞர் எடுத்த செர்சாய் அறிக்கையின் நகலை வாங்கிப் பாருங்கள். அடமானம் உண்டான தேதி, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன்தாரர் பெயர் மூன்றும் அதில் இருக்கும். தேதி 2013, நிறுவனம் அதே பழைய வங்கி என்றால் விற்பவர் சொல்வது சரி. வேறு தேதியோ வேறு பெயரோ இருந்தால் அது வேறு கடன்.

இரண்டாவது, தேடலை இன்னும் அகலமாகச் செய்ய வேண்டும். சொத்தை வைத்து ஒருமுறை தேடினால் போதாது, கடன்தாரரை வைத்தும் தேடுங்கள். செர்சாய் இணையதளத்தில் பொதுமக்களே தேடலாம். ஒரு தேடலுக்கு 10 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விற்பவரின் பெயரில் ஒன்று, அவருடைய நிறுவனத்தின் பெயரில் ஒன்று. பான் எண் கேட்கத் தயங்காதீர்கள், எப்படியும் கிரயப் பத்திரத்தில் எழுதப்போகிற எண்தான். வீடு ஒருவர் பெயரில் இருக்கும், கடன் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், வீட்டைப் பக்கப் பிணையாகக் கொடுத்திருப்பார்கள். தொழில் செய்கிறவர்களிடம் இது மிகச் சாதாரணம்.

மூன்றாவதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். ஈசியை எந்த சர்வே எண்ணுக்குப் போட்டீர்கள்? பத்திரத்தில் உள்ள எண்ணுக்கா, இப்போதைய பட்டாவில் உள்ள எண்ணுக்கா? இரண்டும் ஒன்றுதானா?

சூலூர்வாசி:

நன்றி சார். பத்திரத்தில் 218/2 என்று இருக்கிறது, அதற்குத்தான் போட்டேன். பட்டாவை இப்போதுதான் கவனித்துப் பார்க்கிறேன், உட்பிரிவு ஆகி 218/2ஏ1 என்று இருக்கிறது.

செர்சாய் அறிக்கையும் கிடைத்தது. 2013, அதே பழைய வங்கி. அப்படியானால் விற்பவர் சொன்னது சரிதானே?

கடன்கோப்பு:

அந்த ஒரு பதிவைப் பொறுத்தவரை சரி. ஆனால் பட்டா எண் வேறு என்பதால் வேலை இன்னும் முடியவில்லை.

ஈசி என்பது நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சார்பதிவாளர் அலுவலக அட்டவணையில் என்ன இருக்கிறது என்பதற்கான பதில். 218/2 என்று கேட்டால் 218/2-ல் ஏறியவை வரும். பட்டா மாறிய பிறகு யாராவது 218/2ஏ1 என்று எழுதி ஓர் ஆவணம் பதிந்திருந்தால், அது உங்கள் தேடலில் வராமலே போகலாம். செர்சாயிலும் இதே கதைதான். அங்கே சொத்து விவரத்தைத் தட்டச்சு செய்வது எங்களைப் போன்ற கடன் கொடுத்தவர்கள். ஒரு கிளையில் தாய்ப்பத்திர எண்ணைப் போடுவார்கள், இன்னொன்றில் பட்டா எண்ணை, மற்றொன்றில் மனை எண்ணை. சாய்வுக்கோடு, இடைவெளி, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பதிந்தவர் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று யோசித்து, அத்தனை வடிவத்திலும் தேட வேண்டும்.

கையில் இருக்கும் ஆவணங்களை எல்லாம் விரித்து, அவற்றில் வருகிற ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். தாய்ப்பத்திர சர்வே எண், இப்போதைய உட்பிரிவு, மனை எண், கதவு எண். நகரப்பகுதி என்றால் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர சர்வே) எண்ணும் சேரும். சொத்து எப்போதாவது வேறு சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருந்திருந்தால் அந்த அலுவலகத்திலும் போடுங்கள். பெயருக்கும் இப்படித்தான்: தலைப்பெழுத்து முன்னால், பின்னால், விரித்து எழுதியது என்று எல்லாவற்றையும் பாருங்கள். பான் எண் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பகுதி குறையும்.

வக்கீல்தோழி:

கடன்கோப்பு சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 58(எஃப்)-ன்படி, கடனுக்கு ஈடாக வைக்கும் எண்ணத்தோடு அசல் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் உண்டாகிவிடும். எழுத்து ஆவணம் கட்டாயமில்லை. எழுத்தே இல்லாதபோது பதிவு செய்ய ஒன்றும் இருக்காது, ஈசியிலும் ஒன்றும் ஏறாது. ஒப்படைப்பு நடக்கிற ஊர் சென்னை, மும்பை போல அறிவிக்கப்பட்ட ஊராக இருக்க வேண்டும். சொத்து அதே ஊரில் இருக்க வேண்டியதில்லை. சூலூர் வீட்டின் பத்திரத்தை வேறு நகரத்துக் கிளையில் கொடுத்திருந்தாலும் அடமானம் அடமானம்தான். நம் ஊரில் பெரும்பாலான வங்கிகள் எம்ஓடியைப் பதிவு செய்துவிடுகின்றன என்பது நமக்கு ஓர் ஆறுதல், அவ்வளவே.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2011 மார்ச் 31 முதல் செர்சாய் இயங்குகிறது. ஒரே பத்திரத்தின் பேரில் பல இடங்களில் கடன் வாங்கும் மோசடியைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். கடன் தீராவிட்டால் வங்கியே பிணைச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 2020 ஜனவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த பகுதி இதை இன்னும் இறுக்கிவிட்டது. பிரிவு 26சி-யின்படி அங்கே பதிவானது ஊருக்கெல்லாம் கொடுத்த பொது அறிவிப்பாகக் கருதப்படும். அதன் பிறகு சொத்தை வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் எடுபடுவது கடினம்.

அப்புறம் அந்த 2013 பதிவு. கடன் தீர்ந்தால் 30 நாளுக்குள் செர்சாய்க்குத் தெரிவிப்பது கடன் கொடுத்தவரின் கடமை, பிரிவு 25. செய்யவில்லை என்றால் கடன்தாரரே மத்தியப் பதிவாளருக்கு எழுதலாம். அவர் அந்த நிறுவனத்துக்கு 14 நாளுக்கு மேற்படாத கெடு வைத்து விளக்கம் கேட்பார். எழுதுகிற உரிமை விற்பவருடையது என்பதால் அவரை வைத்தே செய்யுங்கள்.

எனக்கு இதைவிட உறுத்துவது லாக்கர் கதைதான். கடன் இல்லாத வீட்டின் அசல் பத்திரத்தை, முன்பணம் தரப்போகிற ஒருவரிடம் காட்டுவதற்கு என்ன தடை? அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தறிப்பட்டறை:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதே வகைதான். சோமனூரில் ஒருவரிடம் பழைய ஆட்டோலூம் தறிகள் வாங்கப்போகிறேன். எந்திரத்துக்கு ஈசி கிடையாதே, கடன் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

கடன்கோப்பு:

விற்பவர் தனி ஆளா, கூட்டாண்மையா, கம்பெனியா என்பதைப் பொறுத்தது. 2016 ஜனவரி முதல் எந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் மேல் உள்ள ஹைப்பாத்திகேஷனையும் (பொருள் கடன்தாரரிடமே இருக்க, அதைப் பிணையாக வைப்பது) செர்சாய் பதிவு செய்கிறது. கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் சார்ஜ் (சொத்துகளின் மேல் உள்ள கடன் பிணை) பட்டியலையும் பாருங்கள்.

எந்திரத்தின் வரிசை எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். "இன்றுள்ளதும் இனி வாங்குவதுமான எல்லா எந்திரங்களும்" என்று ஒரே வரியில் பதிந்திருப்பார்கள், வரிசை எண்ணே இருக்காது. கடன்தாரர் பெயர், பான் எண் வழியாகத் தேடுவதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். கடன் இருந்தால், குறிப்பிட்ட தறிகளை விடுவிப்பதாக அந்த வங்கியிடமே கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.

சூலூர்வாசி:

நீங்கள் எல்லோரும் சொன்னது நடந்துவிட்டது. விற்பவரின் நிறுவனத்துப் பெயரில் செர்சாயில் தேடினேன். 2021-ல் ஒரு நிதி நிறுவனத்துக்கு அடமானம், சொத்து விவரத்தில் 218/2ஏ1. உடனே அந்த எண்ணுக்கு ஈசி போட்டேன். அதே 2021-ல் எம்ஓடி பதிவாகி அங்கேயே இருக்கிறது! ரசீது இல்லை. அசல் பத்திரமும் அங்கேதான் என்று விற்பவர் இப்போது ஒப்புக்கொள்கிறார். உங்கள் முன்பணத்தை வைத்துக் கடனை அடைத்துவிட்டுப் பதிந்து தருகிறேன் என்கிறார். வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, விலையும் நியாயம். இதைச் சரியாக வாங்க வழி இருக்கிறதா?

பத்திரக்கடை:

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் தம்பி. அவர் கையில் பணம் கொடுக்காதே.

வக்கீல்தோழி:

வழி இருக்கிறது, தினமும் நடக்கிறதுதான். பணம் விற்பவர் கைக்குப் போகாமல் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும், அதுதான் முக்கியம்.

விற்பவரை அந்த நிதி நிறுவனத்திடம் இரண்டு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். ஒன்று, குறிப்பிட்ட தேதி வரைக்கும் கடனை அடைக்க எவ்வளவு என்ற கணக்கு. இன்னொன்று, அவர்களிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல், தொகை வந்ததும் அவற்றைத் திருப்பித் தருவதாக உறுதியோடு. கூட்டாண்மைக் கடன் என்பதால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இதே சொத்து அந்த நிறுவனத்தின் வேறு கடன்களுக்கும் பிணையாக நிற்கிறதா? ஒரு கணக்கை மட்டும் அடைத்துவிட்டு, மற்றொரு கணக்குக்காகப் பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே "இந்தச் சொத்தின் மேல் வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தில் இந்தக் கடனை வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் வங்கி தொகையை நிதி நிறுவனத்தின் பெயருக்கே, கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பும். அசல் பத்திரம், ரசீது ஆவணப் பதிவு, செர்சாய் நீக்கம், 2013 பழைய பதிவின் நீக்கம் நான்கும் நடந்தால்தான் மீதித் தொகை என்று எழுதிக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 13 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையைச் சிலர் நினைவூட்டுவார்கள்: கடன் தீர்ந்து 30 நாளுக்குள் ஆவணத்தைத் திருப்பி, பதிவுகளையும் நீக்க வேண்டும், தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்று. அது தனிநபர் கடன்களுக்கானது, 2023 டிசம்பர் 1 முதல் திரும்பித் தரவேண்டியவற்றுக்குப் பொருந்தும். இது தொழில் கடன், அதை நம்பி உட்காராதீர்கள். கெடு தேதியை ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

கடன்கோப்பு:

எங்களைப் போல் கடன் கொடுக்கும் பக்கத்து ஆட்கள் இங்கே படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த 2021 பதிவைப் போட்டவர் சொத்து விவரத்தில் 218/2 என்பதையும் சேர்த்திருந்தால், இவர் வங்கி வழக்கறிஞரின் முதல் தேடலிலேயே அது வந்திருக்கும். பழைய எண், புதிய எண், பத்திர எண், நான்கெல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயரைப் பான் அட்டையில் உள்ளபடியே போடுங்கள். கடன்தாரர் வேறு, சொத்தின் சொந்தக்காரர் வேறு என்றால் இருவரையும் ஏற்றுங்கள். பதிந்த பிறகு வெளி ஆளாக நின்று ஒருமுறை தேடி, உங்கள் பதிவு உங்களுக்கே கிடைக்கிறதா என்று பாருங்கள். 5 லட்சம் வரையிலான கடனுக்குப் பதிவுக் கட்டணம் 50 ரூபாய், அதற்கு மேல் 100. இவ்வளவு மலிவான காப்பை அரைகுறையாகச் செய்வதில் அர்த்தமில்லை. பதியாமல் விட்டால் பிரிவு 26டி-யின்படி சர்ஃபேசி நடவடிக்கையே எடுக்க முடியாது. கடன்தாரர் கம்பெனி என்றால் சார்ஜைப் பதியும் சிஎச்ஜி-1 படிவத்தை 30 நாளுக்குள் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும், செர்சாய் பதிவு அதற்கு ஈடாகாது.

சூலூர்வாசி:

நிதி நிறுவனம் இரண்டு கடிதமும் கொடுத்துவிட்டது. வேறு பாக்கி இல்லை என்ற வரியும் இருக்கிறது. எங்கள் வங்கி நேரடியாகத் தொகை அனுப்ப ஒத்துக்கொண்டது. பழைய வங்கியும் 2013 பதிவை நீக்க மனு வாங்கிக்கொண்டது. ரசீது ஆவணம் எழுதும்போது கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

பத்திரக்கடை:

இருக்கிறது தம்பி. ரசீதில் 2021 எம்ஓடியின் ஆவண எண்ணும் ஆண்டும் சரியாக வரவேண்டும். சொத்து விவரத்தில் "பழைய சர்வே எண் 218/2, தற்போதைய உட்பிரிவு 218/2ஏ1" என்று இரண்டையும் எழுதச் சொல். உன் கிரயத்திலும் அப்படியே எழுது. பதிவு முடிந்ததும் இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே ஈசி போட்டு, ரசீதும் கிரயமும் ஏறியிருக்கிறதா என்று பார். ஒன்றில் வரவில்லை என்றால் உடனே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடு.