புதுப்பிப்பு: எம்.பில்லுக்கே பதிந்துவிட்டேன்

உயிரியலில் பாடநெறி வழி எம்.எஸ்சியா, ஆய்வு வழி எம்.பில்லா என்று முன்பு கேட்டிருந்தேன். எம்.பில்தான். பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது 11ஆம் மட்டம். முழுநேரமாகச் செய்தால் 2 வருடம்.

தலைப்புத்தான் மாறிவிட்டது. நினைத்திருந்தது திருகோணமலைப் புறாத்தீவின் முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்). அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும். வாடைக்காற்று தொடங்கினால் கடலிலும் இறங்கேலாது. “பிள்ளை, மாரியிலும் போகக்கூடிய இடமாப் பாருங்கோ” என்றார் மேற்பார்வையாளர். அதனால் இப்போது தலைப்பு, அதே மாவட்டத்துத் தம்பலகாமக் குடாவின் கண்டல் காட்டு நண்டுகள். சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து நண்டு வளைகளை எண்ணவேண்டும். நிழல் பட்டாலே நண்டு உள்ளே போய்விடும், அசையாமல் நிற்கவேண்டும். நுளம்புக்கு அது விளங்குதா என்ன!

விண்ணப்பத்துக்கு முன் மேற்பார்வையாளரைப் பிடி என்ற அண்ணைக்கு நன்றி, அதுதான் உதவியது. உதவித்தொகை இன்னும் சரிவரவில்லை; இப்போதைக்குப் பின்னேர டியூஷன்தான்.